விகிதம் குறையும் என்று முன்பே சொன்ன அலுவலர்: ஒரு மாவட்ட இரத்த அழுத்தத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

மருத்துவமனைப் பணியிலிருந்து சமூக சுகாதாரத் தலைமைக்கு வருபவர்கள் முதல் சில மாதங்களிலேயே ஒரு இக்கட்டைச் சந்திப்பார்கள். முந்தைய நிர்வாகம் விட்டுச்சென்ற அறிக்கை நன்றாக இருக்கும்; களம் அப்படி இருக்காது. அறிக்கையைத் திருத்தினால் தன் பொறுப்புக் காலத்தில்தான் திட்டம் சரிந்தது என்று பெயர் வரும். திருத்தாவிட்டால் நோயாளிகளுக்குத் தொடர்ந்து தவறு நடக்கும். இந்த ஆய்வு அத்தகைய ஒரு நிலைமையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் யார் என்று தெரியாமலிருக்க ஊர், பெயர், மொத்த எண்ணிக்கைகள் விடப்பட்டுள்ளன.

பின்னணி

மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், பொது சுகாதாரத்தில் மேற்படிப்பு முடித்து, ஒரு மாவட்டத்தின் தொற்றா நோய்த் திட்டத்துக்குப் பொறுப்பேற்றார். அவருக்குக் கீழே ஆரம்ப சுகாதார நிலையங்களும், ஒவ்வொன்றின் கீழும் சில துணை மையங்களும் இருந்தன. துணை மையத்தில் ஒரு செவிலியர் நிரந்தரமாக இருப்பார். மருத்துவர் வாரம் ஒரு நாள் வருவார். நோயாளிக்கு 30 நாள் மாத்திரை தரப்படும், மாதம் முடிந்ததும் மறுபடி வரவேண்டும்.

திட்டத்தின் வெற்றி ஒரே எண்ணால் அளக்கப்பட்டது: சிகிச்சையில் இருப்பவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு இரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழ் இருக்கிறது. பொறுப்பேற்ற நாளில் அந்த எண் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் உலகெங்கும் 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது; அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சிகிச்சையில் இருப்பவர்களை மட்டும் எடுத்தால் விகிதம் கூடுதலாக இருப்பது இயல்பே. ஆனாலும் ஆள் பற்றாக்குறையும் மருந்துத் தட்டுப்பாடும் உள்ள ஒரு மாவட்டம் காலாண்டுக்குக் காலாண்டு சற்றும் அசையாமல் இந்த எண்ணைக் காட்டியது அவருக்கு உறுத்தியது. மருத்துவமனையில் இருந்த காலத்தில் பக்கவாதத்தோடு வந்தவர்களில் பலர், இதே திட்டத்தின் அட்டையைக் கையில் வைத்திருந்ததை அவர் பார்த்திருந்தார்.

களத்தில் கண்டவை

ஆய்வுக் கூட்டம் எதையும் அவர் முதலில் கூட்டவில்லை. கூட்டத்தில் எல்லோரும் தங்கள் எண்ணைக் காக்கத்தான் பேசுவார்கள். மாறாக, துணை மையங்களுக்குப் போய், செவிலியரின் பக்கத்தில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார். மூன்று விஷயங்கள் தெரிந்தன.

முதலாவது, எண்களின் கடைசி இலக்கம். டிஜிட்டல் கருவியில் அளந்தால் மேல் அழுத்தத்தின் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை எதுவாகவும் வரலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 சதவீதம் வரவேண்டும். ஒவ்வொரு மையத்திலும் கடைசி 100 பதிவுகளை எடுத்து, ஒரு தாளில் பத்துக் கட்டம் போட்டுக் கோடு கிழித்து எண்ணினார். மையத்துக்கு இருபது நிமிடம் போதும், கணினி வேண்டாம். பெரும்பாலான மையங்களில் 0-வும் 8-ம் சேர்ந்து பாதிக்கு மேல் வந்தன. ஒரு பதிவேட்டின் ஒரே பக்கத்தில் 130/80, 138/88, 130/80, 136/86, 138/88 என்று மேலிருந்து கீழ் வரை ஓடியது. 140, 141, 142 ஏறக்குறைய காணவே இல்லை.

இதை ஊழியர்களின் நேர்மைக் குறைவு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர் காரணத்தைக் கேட்டார். 146 என்று எழுதினால் செவிலியர் மறுபடி அளக்க வேண்டும், மருத்துவர் வரும் நாளில் அந்த நோயாளியை மீண்டும் வரவழைக்க வேண்டும், கூலி வேலையை விட்டு வந்தவரிடம் திட்டு வாங்க வேண்டும், மாதக் கடைசியில் விளக்கமும் எழுத வேண்டும். 138 என்று எழுதினால் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடலாம். உண்மையை எழுதுவதுதான் அதிக வேலையாக இருந்தது.

அளக்கும் முறையிலும் கோளாறு இருந்தது. வரிசையில் நின்றவர் அப்படியே வந்து உட்கார்ந்ததும் அளந்தார்கள். கையில் சுற்றிக் கட்டும் பட்டையான கஃப் ஒரே அளவுதான். பருத்த கைக்கு அது போதவில்லை. கஃப் சிறிதாக இருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். செவிலியர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். அதனால் "கருவி கூட்டிக் காட்டுகிறது" என்று அவர்களே சில புள்ளிகளைக் கழித்து எழுதும் பழக்கமும் வந்திருந்தது.

இரண்டாவது, வகுக்கும் எண். விகிதத்தை அந்தக் காலாண்டில் வந்தவர்களை வைத்து மட்டும் கணக்கிட்டார்கள். கணக்கு புரிவதற்காக ஒரு மையத்தில் 100 பேர் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 பேர் வருகிறார்கள்; அவர்களில் 39 பேருக்குக் கட்டுப்பாடு. வந்தவர்களால் வகுத்தால் 65 சதவீதம். பதிவானவர்களால் வகுத்தால் 39. மிச்சமுள்ள 40 பேர் முதல் கணக்கில் எங்கும் இல்லை. மருந்தை நிறுத்தியவர், பக்கவாதம் வந்தவர், இறந்தவர் எல்லோரும் அந்த 40-க்குள்தான் இருக்கிறார்கள். இந்த முறையில் ஒருவர் வராமல் போவதே விகிதத்துக்கு நல்லது. கட்டுப்பாடு இல்லாதவர் விலகினால் எண் உயர்கிறது.

மூன்றாவது, மருந்து அலமாரி. இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் பல மையங்களில் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் இல்லை. காரணம் இன்டென்ட் (கிடங்குக்கு அனுப்பும் மருந்துக் கோரிக்கை) போடும் முறையிலேயே இருந்தது. சென்ற மாதம் எவ்வளவு செலவானதோ அவ்வளவு கேட்பார்கள். 30 நாளில் 18 நாள் மட்டும் இருப்பு இருந்து 1,800 மாத்திரை செலவானால், நாள் ஒன்றுக்கு 100. உண்மைத் தேவை 3,000. இன்டென்டோ 1,800-க்குப் போகும். அடுத்த மாதமும் அது 18 நாளில் தீரும், அதற்கடுத்த இன்டென்டும் 1,800-ஐத் தாண்டாது. கிடங்கின் பார்வையில் இந்த மாவட்டத்துக்குத் தேவையே அவ்வளவுதான் என்பது போலத் தெரியும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு மருத்துவத்தைப் பற்றியதல்ல. எதையும் மாற்றும் முன் அவர் தலைமையகத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பி, நேரிலும் போய் விளக்கினார். குறிப்பில் நான்கே செய்திகள்: இப்போதைய விகிதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, யார் அதில் விடுபடுகிறார்கள், முறையை மாற்றினால் எண் ஏறத்தாழ எவ்வளவு விழும், எத்தனை காலாண்டில் மீளும். பழைய, புதிய கணக்குகளை இரண்டு காலாண்டுக்கு அருகருகே காட்டவும் அனுமதி வாங்கினார். விழும் எண்ணை முன்கூட்டியே சொன்னவருக்கு அது கணிப்பு. விழுந்த பிறகு சொல்பவருக்கு அது சாக்கு. இந்த நிகழ்வில் அவர் செய்த எல்லாவற்றிலும் இதுவே மிக முக்கியமானது என்பது இந்த ஆய்வின் கருத்து.

புதிய கணக்கில் ஒவ்வொரு நோயாளியும் மூன்றில் ஒரு கட்டத்தில் விழுவார்: கட்டுப்பாட்டில் உள்ளவர், வந்தும் கட்டுப்பாடு இல்லாதவர், மூன்று மாதமாக வராதவர். மூன்றும் சேர்ந்து 100 ஆக வேண்டும். பதிவாகி மூன்று மாதம் ஆகாதவர்களை வகுக்கும் எண்ணில் சேர்க்கவில்லை. அவர்களையும் சேர்த்தால், புதியவரைப் பதிவு செய்தாலே விகிதம் குறையும். புதுப் பதிவையே மையங்கள் தள்ளிப்போடத் தொடங்கும்.

அளவீட்டில், ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமர்வது, கால் மேல் கால் போடாமல் பாதம் தரையில் பதிவது, கை இதய மட்டத்தில் தாங்கப்படுவது, ஆடைக்கு மேல் கஃப் கட்டாமலிருப்பது, அளக்கும்போது பேசாமலிருப்பது ஆகியவை கட்டாயமாயின. ஐந்து நிமிட ஓய்வு வரிசையை நீட்டிவிடும் என்று செவிலியர்கள் அஞ்சினார்கள். அளக்கும் மேசைக்கு முன்னால் சாய்மானம் உள்ள நாற்காலி நான்கைப் போட்டு, வரிசையே அதில் உட்கார்ந்து நகரும்படி செய்ததில் அந்த அச்சம் தீர்ந்தது. பெரிய கஃப் ஒன்று ஒவ்வொரு மையத்துக்கும் வாங்கப்பட்டது. கஃபின் உள்ளே இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்றிவர வேண்டும் என்பதே தேர்வு விதி. முதல் அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு இன்னொரு முறை அளந்து, இரண்டையும் எழுத வேண்டும்.

146 என்று எழுதுவதன் சுமையைக் குறைத்ததுதான் பதிவுகளை உண்மையில் மாற்றியது. மருந்து நெறிமுறை ஒரு தாளில் அச்சாகிச் சுவரில் ஒட்டப்பட்டது: முதல் படி அம்லோடிபின் 5 மி.கி.; நான்கு வாரத்தில் இலக்கு எட்டாவிட்டால் டெல்மிசார்டன் 40 மி.கி. கூடுதலாக, அதற்குப் பிறகு அளவுகளைக் கூட்டுதல், பின் ஒரு தயசைடு வகை (சிறுநீர்ப் பெருக்கி) மருந்து. செவிலியர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த படிக்கு ஒப்புதல் வாங்கி, நேரத்தையும் மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி, அன்றே மருந்தைத் தரலாம். கர்ப்பிணி அல்லது கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவருக்கு டெல்மிசார்டன் கூடாது என்பது அதே தாளில் சிவப்பு எழுத்தில் இருந்தது. 180/110 எட்டினால் தொலைபேசி போதாது, நேரடியாக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

வராதவர்களின் பட்டியலை அகர வரிசையில் வைக்காமல் ஆபத்து வரிசையில் வைத்தார்கள். கடைசி அளவு 160/100-க்கு மேல் இருந்தவர்கள், முன்பு பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் முதலில். இரண்டு தடவை தொலைபேசி; கிடைக்காவிட்டால் களப்பணியாளர் வீட்டுக்கு. பல எண்கள் வேலை செய்யவில்லை, சில எண்கள் வேறூரில் இருக்கும் மகனுடையவை. அதனால் பதிவின்போதே இரண்டு எண் வாங்கும் பழக்கம் வந்தது. வீட்டுக்குப் போனவர்கள் கொண்டுவந்த காரணங்கள்: மையம் திறந்திருக்கும் நேரத்தில் வேலை, மருந்து இல்லை என்று இருமுறை திருப்பி அனுப்பப்பட்டது, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்ற எண்ணம், கால் வீக்கம். கால் வீக்கம் அம்லோடிபினின் தெரிந்த பக்கவிளைவு. மருந்தை மாற்றித் தந்திருந்தாலே அவர்கள் விலகியிருக்க மாட்டார்கள். பதிவேட்டில் அதை எழுத ஒரு கட்டம்கூட இருந்ததில்லை.

பிறகு நடந்தவை

முதல் காலாண்டில் விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. குறிப்பில் சொல்லியிருந்ததைவிடவும் சற்றுக் கூடுதலான சரிவு. அளவுகளை உண்மையாக எழுதத் தொடங்கியதன் பங்கை அவர் குறைத்து மதிப்பிட்டிருந்தார். மாவட்டங்களின் ஆய்வுக் கூட்டத்தில் வரிசைப் பட்டியலின் கடைசிக்கு அவர் மாவட்டம் போனது. பழைய முறை எண் அதே தாளில் இருந்ததால் விவாதம் ஆளைவிட்டு முறைக்குத் திரும்பியது. மற்ற மாவட்டங்களும் இதே கணக்கைப் போட்டால் என்ன வரும் என்று ஒருவர் கேட்டார். கூட்டம் அத்தோடு அமைதியாகிவிட்டது.

மாவட்டத்துக்குள் வேறொரு சிக்கல் முளைத்தது. "இடம்பெயர்ந்தவர்" என்று பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை சில மையங்களில் திடீரென்று கூடியது. வகுக்கும் எண்ணைக் குறைக்க அது குறுக்குவழி. எந்தக் குறியீட்டை வைத்தாலும் அதை வளைக்கும் வழியும் கூடவே வரும் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். விதி எழுதப்பட்டது: வேறு மையத்தில் சேர்ந்ததற்கான பதிவெண் இருந்தால்தான் இடமாற்றம், இறப்பு என்றால் இறப்புப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். மேற்பார்வையாளர் மாதம் ஒரு மையத்தில் நீக்கப்பட்ட பெயர்களில் ஏதேனும் பத்தை எடுத்து வீட்டில் விசாரித்தார். யார்மீதும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. நீக்கப்பட்டவர்கள் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள், அவ்வளவே. அந்த நிதானத்தால்தான் செவிலியர்கள் 152, 167 என்று எழுதத் துணிந்தார்கள். கடைசி இலக்கக் கணக்கு மூன்றாம் காலாண்டில் பத்துக் கட்டங்களிலும் ஓரளவு பரவி வந்தது.

பெரிய தடுமாற்றம் மருந்தில் நேர்ந்தது. கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு 90 நாள் மாத்திரை தரலாம் என்று முடிவானது. நோக்கம் சரியானது: நோயாளிக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு பயணத்துக்குப் பதில் நான்கு, செவிலியருக்குக் கூட்டம் குறைவு. ஆனால் ஒரே மாதத்தில் எல்லா மையங்களிலும் தொடங்கியதால், மூன்று மாத மருந்து ஒரே மாதத்தில் வெளியே போய்விட்டது. புதிதாகப் பதிவானவர்களுக்குக் கொடுக்க மாத்திரை இல்லை. இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டுத் திருத்தினார்கள். பதிவெண்ணை 3-ஆல் வகுத்து, மீதி 0 வருபவர்களுக்கு முதல் மாதம், 1 வருபவர்களுக்கு இரண்டாம் மாதம், 2 வருபவர்களுக்கு மூன்றாம் மாதம் என்று 90 நாள் முறைக்கு மாற்றினார்கள். மாதச் செலவு ஓரளவு சமமாகியது.

இன்டென்ட் விதியும் அப்போதுதான் மாறியது. செலவான மாத்திரையை இருப்பு இருந்த நாட்களால் வகுத்து, 30-ஆல் பெருக்கினால் உண்மை மாதத் தேவை. கிடங்கிலிருந்து மருந்து வர மூன்று மாதம் பிடிக்கும் என்றால், அந்த மூன்று மாதத் தேவையோடு ஒரு மாதச் சேமிப்பும் சேர்ந்த அளவுக்கு இருப்பு இறங்கியதும் இன்டென்ட் போய்விட வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மாத்திரை சாப்பிடும் 100 பேருக்கு இது 12,000. அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் இந்த எண் எழுதி ஒட்டப்பட்டது.

ஓராண்டு முடிவில் புதிய கணக்குப்படியான விகிதம் பாதியை நெருங்கியது. வராதவர்களின் பங்கு குறைந்ததே அதற்குப் பெரிய காரணம். மருந்தின் படியை உயர்த்தியது அடுத்த காரணம். பழைய கணக்கின் எண் இதே காலத்தில் சற்றுக் குறைந்தது. திரும்ப அழைத்து வரப்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் அழுத்தம் அதிகமாக இருந்ததால் அது எதிர்பார்த்ததே.

மாவட்டத்திலிருந்து கொள்கைக்கு

இரண்டாம் ஆண்டில் அவர் தலைமையகத்தின் கொள்கைக் குழுவில் சேர்க்கப்பட்டார். இங்கே வேலையின் தன்மையே வேறு. மாவட்டத்தில் ஒரு செவிலியரிடம் பேசி மாற்றிய விஷயத்துக்கு இங்கே சட்டப்பிரிவு காட்ட வேண்டும். கட்டுப்பாட்டில் உள்ள நோயாளிக்குச் செவிலியரே மருந்தைத் தொடர்ந்து தரலாம் என்ற முன்மொழிவுக்கு மூன்று தரப்பிலிருந்து மறுப்பு வந்தது: மருத்துவர்கள் பாதுகாப்பைப் பற்றி, செவிலியர்கள் கூடுதல் வேலையைப் பற்றி, நிதிப் பிரிவு மருந்துச் செலவைப் பற்றி.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு நெறிமுறை, உரிய பயிற்சி, மருந்து எழுதும் அதிகாரம், வரையறுத்த நெறிமுறை, மருத்துவர் மேற்பார்வை ஆகிய நிபந்தனைகளோடு மருத்துவர் அல்லாதவர்களும் இரத்த அழுத்த மருந்து தரலாம் என்று பரிந்துரைக்கிறது. கட்டுப்பாட்டில் உள்ளவர்களை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றும் சொல்கிறது. அவர் இதை மேற்கோளாக மட்டும் வைக்காமல் வரையறையாக மாற்றினார். அழுத்தம் 140/90-க்குக் கீழ், புதிய நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லை, கர்ப்பம் இல்லை, ஓராண்டுக்குள் இரத்தப் பரிசோதனை ஆகியிருக்கிறது: நான்கும் பொருந்தினால் செவிலியர் தரலாம். ஒன்று தவறினாலும் மருத்துவர். இந்த அளவுக்குக் குறுக்கியதும் மருத்துவர்களின் மறுப்பு பெரும்பாலும் நின்றது. செவிலியர் தரப்புக்கு, அவர்கள் மாதந்தோறும் நிரப்பிவந்த இரண்டு படிவங்கள் ரத்து செய்யப்பட்டன. வேலையைக் கூட்டும் எந்த உத்தரவோடும் வேறொரு வேலையைக் கழித்துத்தான் அனுப்ப வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். நிதிப் பிரிவை ஒப்புக்கொள்ள வைக்க நெடுநாள் ஆனது. கடைசியில் 90 நாள் முறை சில மாவட்டங்களுக்கு மட்டும் முதலில் அனுமதிக்கப்பட்டது.

சுற்றறிக்கை இரண்டு பக்கம்தான் இருந்தது. மூன்று கட்டக் கணக்கு எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே காலாண்டில் நடைமுறைக்கு வந்ததால், தனியொரு மாவட்டம் தாழ்ந்து தெரியவில்லை. அந்தக் காலாண்டில் வரிசைப் பட்டியல் வெளியிடுவதில்லை என்ற முடிவும் அதே சுற்றறிக்கையில் இருந்தது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

மருந்து இருப்பைச் சரிசெய்வது முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். வராதவர்களை வீடு தேடிப் போய் அழைத்துவந்து, அலமாரி காலி என்று மறுபடி திருப்பி அனுப்பிய மையங்களில் அவர்கள் மூன்றாம் முறை வரவே இல்லை. கிடங்கு மருந்தாளுநரை முதல் திட்டக் கூட்டத்துக்கே அழைத்திருந்தால் 90 நாள் முறையின் தட்டுப்பாட்டை அவர் தாளிலேயே காட்டியிருப்பார்.

பிரச்சினைக்குரிய மையங்களில் பாதியில் மட்டும் அளவீட்டு மாற்றத்தை முதலில் செய்து பார்த்திருந்தால், உண்மையாக எழுதுவதால் எவ்வளவு சரியும், வகுக்கும் எண்ணால் எவ்வளவு சரியும் என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். தலைமையகத்துக்குத் தந்த கணிப்பும் நெருக்கமாக இருந்திருக்கும்.

மையத்தின் நேரத்தை யாரும் தொடவில்லை. வேலை நேரத்தில் மட்டும் திறக்கும் மையத்துக்கு வேலைக்குப் போகும் ஆண்கள் வருவதில்லை என்பது வீட்டு விசாரணையில் முதல் மாதமே தெரிந்துவிட்டது. வாரம் ஒரு மாலை திறக்க ஊழியர் நேரமாற்று ஒப்புதல் தேவைப்பட்டது. அதற்கான கடிதம் இரண்டாம் ஆண்டில்தான் போனது. இந்த ஆய்வு எழுதப்படும்போது மூன்று மையங்கள் புதன்கிழமை மாலைகளில் திறந்திருக்கின்றன; அவற்றின் வருகைப் பதிவு தனியாக எண்ணப்பட்டு வருகிறது.